மூக்குக்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

மூன்று வருஷமாக ரூபவதியின் மூக்கு செத்துக் கிடந்தது. தோல் பதனிடும் கொட்டகைக்குப் பத்தடி தள்ளி வீடு. பம்பாய்த் தாராவிக்கு வருகிற விருந்தாளிகள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறுவார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெருவுக்கு அவள் வெறும் சளிமூக்கி. மோப்பமே இல்லை என்பது அம்மா ஏஞ்சலம்மாளுக்கு மட்டும்தான் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று தடவை ஊசியால் குத்திச் சைனஸைக் கழுவிவிட்டார்கள். கழுவின மாதம் நன்றாயிருக்கும், அடுத்த மாதம் பழைய கதை. மண்டைவலியோடேயே பரீட்சை எழுதி பி.எஸ்ஸி. தேறினாள். அந்தத் தெருவில் முதல் பட்டதாரி அவள்தான்.

1967 ஜூலையில் செம்பூர் ரசாயன ஆலையில் லாப் உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அங்கே ஹெட் கிளார்க்காக இருந்த வேதமுத்துதான் விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். சபையிலும் அவர் பெரிய ஆள், கமிட்டி மெம்பர். "நம்ம சபைப் பிள்ளை. எழுதிப் போடும்மா, நான் இருக்கேன்லா" என்றார். பாரத்தில் ஒரு கேள்வி: காது, மூக்கு, கண்ணில் நாள்பட்ட நோய் உண்டா? காஸ் கசிந்தால் முதலில் மூக்குதான் சொல்ல வேண்டும் என்பதால் அந்தக் கேள்வி. ரூபவதி 'இல்லை' என்று எழுதினாள். எழுதின கையோடு கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்து டாக்டர் அனந்தகிருஷ்ணனிடம் போய் நின்றாள்.

அவர் மூக்குச் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். "பி.எஸ்ஸி. ஆச்சே, நீயே பாரு."

பார்த்தாள். சிவப்புப் பொடி அடைத்த உருண்டைகள், கூட்டம் கூட்டமாக.

"கிருமியா டாக்டர்?"

"கிருமி எங்கே இருக்கு? இதெல்லாம் உன் சொந்தப் பட்டாளம் கேட்டியா. உடம்பைக் காக்க வேண்டிய ஆட்கள். வெறும் தூசியைப் பார்த்துட்டுத் திருடன் திருடன்னு கத்திண்டு, வீட்டையே அடிச்சு நொறுக்கறா. அதான் உள்ளே வீங்கிச் சதை வளர்ந்திருக்கு."

"அப்போ மூணு வருஷமா என்னைக் கெடுத்தது நானேதானா?"

"கோபப்படாதே குட்டி. பத்து நாளைக்கு மாத்திரை தரேன். அந்தப் பட்டாளத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். நிறுத்தினா மறுபடி கிளம்பும், அதுக்குள்ளே சதையை எடுக்க நாள் குறிச்சுக்கலாம்."

நாலாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், புத்தகத்தோடு சுவரில் சாய்ந்திருந்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"எம்மா! குழம்பு அடிபிடிக்கி!"

ஏஞ்சலம்மாள் சட்டியை இறக்கப் போனவள் அப்படியே திரும்பி மகளைப் பார்த்தாள். "உனக்கு எப்பிடிட்டி தெரிஞ்சுது?" கேட்டுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். வெளியே கொட்டகையிலிருந்து வந்த அழுகல் நாற்றத்தை ரூபவதி நெஞ்சு நிறைய இழுத்துச் சிரித்தாள். பிறகு அலமாரியிலிருந்து பைபிளை எடுத்து நீட்டினாள்.

"திங்கக்கிழமை இண்டர்வியூ முடியுற வரைக்கும் மூச்சு விடப்படாது. இதுமேல கை வச்சுச் சொல்லு."

"நான் யார்ட்டட்டி சொல்லப்போறேன்?" ஏஞ்சலம்மாள் கையை வைத்தாள்.

மறுநாள் ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தவர்களின் கவர்களை வேதமுத்து ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். மருமகனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்ததற்காக ஒருவர், சுகப்பிரசவத்துக்காக ஒருவர். அடுத்த கவரைப் பிரித்தார்.

"மூன்று வருஷமாய் மோப்பம் இல்லாதிருந்த மகள் ரூபவதிக்கு அதைத் திரும்பத் தந்த கிருபைக்காக, ஏஞ்சலம்மாள்."

அவர் குரல் ஒரு இடத்திலும் இடறவில்லை. ரூபவதி அம்மாவின் பக்கம் திரும்பினாள். ஏஞ்சலம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

வாசலில் வேதமுத்து அவள் தலையில் கைவைத்தார். "சந்தோஷம்மா. நாளைக்குப் பாப்போம்."

அந்தக் கையை நம்பித்தான் திங்கட்கிழமை செம்பூர் பஸ் ஏறினாள். மேஜைமேல் சீட்டு ஒட்டாத ஆறு குப்பிகள். வினிகர், டர்பன்டைன், அம்மோனியா என்று ஆறையும் மோந்தே சரியாகச் சொன்னாள். மானேஜர் "பஹுத் அச்சா" என்று பேனாவைத் திறந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேதமுத்து பாரத்தை அவர் முன்னால் நகர்த்தி, 'இல்லை' என்ற வார்த்தையின் மேல் விரலை வைத்துக் காதில் என்னவோ சொன்னார்.

"உண்மையா?" என்று மானேஜர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"உண்மைதான். ஆனால் இப்போது ஆறையும் நான்தானே சொன்னேன்?"

"அடுத்த மாதம் சொல்வாயா?"

பேனா மூடிக்கொண்டது.

வராந்தா வரை வேதமுத்து கூடவே வந்தார். "நாளைக்கு காஸ் கசிஞ்சு நாலு பேர் செத்தா என் தலைதாம்மா உருளும். தப்பா எடுத்துக்கிடாத."

"இத நேத்தே சொல்லியிருக்கலாம்லா மாமா? தலையில கைய வச்சுட்டு?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வீட்டில் அம்மா அடுப்பில் சோறு வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது; மீதியை ரூபவதி சொன்னாள்.

"வேதமுத்து அண்ணாச்சியாட்டி? நம்ம ஆளுல்லா அவுக!"

"நீ யாரு எனக்கு? நீ நம்ம ஆளு இல்லியா? பைபிள்மேல கை வச்சேல்லா?"

"சாமிட்ட வாங்கிட்டு நன்றி சொல்லாம இருந்தா, குடுத்தத அவரு திருப்பி எடுத்துக்கிடுவாரோன்னு பயந்தேன் தாயி. உன்னக் காப்பாத்தத்தான்..."

"காப்பாத்தாத. உள்ள ஒரு கூட்டம் காப்பாத்துதேன்னுதான் என் மூக்க நாசமாக்கிட்டு. வெளிய நீ. டாக்டரு அதுக்காவது மாத்திரை வச்சிருக்காரு."

ஏஞ்சலம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ரூபவதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். டப்பாவில் இன்னும் நாலு நாள் மாத்திரை இருந்தது.

அடுப்பில் சோறு அடிபிடிக்கத் தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு நன்றாகவே கருகியது. அம்மாவுக்கு அழுகையில் எதுவும் தெரியவில்லை.

ரூபவதிக்குத் தெரிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.