கொண்டையோடு எடுத்த அளவு

கம்பளித் தொப்பி உரசி முடி கொட்டுகிறது, உள்ளே சாட்டின் துணி வைத்துத் தைத்துக் கொடு என்று தங்கைதான் கேட்டாள். பின்னல் தொப்பி இழுத்தால் நீளும். சாட்டின் கொஞ்சமும் நீளாது. அதனால் அவளுடைய பெரிய கொண்டையையும் சேர்த்தே டேப்பால் அளந்தேன். "கலைஞ்சிடும்க்கா" என்று இரண்டு கையாலும் கொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பெரிய மகாராணி! கையை எடுடி!" என்று கத்தினேன். எடுக்கவில்லை.

தைத்து முடித்ததும் என் தையல் கடைக்கு வரச் சொன்னேன். தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். எனக்கு முதுகைக் காட்டியபடி சால்வைக்குள்ளேயே சட்டென்று தொப்பியை மாட்டிக்கொண்டு, சால்வையை விலக்கித் திரும்பினாள். தொப்பி மூக்கு வரை இறங்கியது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருஷமாகத் தைக்கிறேன், எனக்கா அளவு தப்பும்? "தலை என்னடி சுருங்கிப்போச்சா?" என்று தொப்பியை வெடுக்கென்று பிடுங்கினேன்.

தூக்கிவாரிப் போட்டது. கொண்டையைக் காணோம். உச்சந்தலையில் திட்டுத் திட்டாக வழுக்கை. மிச்சம் இருந்தது எலிவால் மாதிரி நாலு முடி.

"அது சவுரிக்கா. ரொம்ப நாளாவே வெச்சிட்டிருக்கேன். இப்போ அதை வெச்சுக் கட்டக்கூட முடி இல்ல."

"ஒரே வீட்டுல இருக்கோம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா திட்டுவே."

அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, வெறும் தலையை மறுபடி அளந்தேன். அவள் கைகள் இந்த முறை மடியிலேயே கிடந்தன.