ஐந்து மணி மழை

ஆறுதல் உலகங்களை உருவாக்கும் விளையாட்டு நிறுவனத்தில் அவள் சோதனையாளராகப் பணிபுரிந்தாள். ஆடுபவர் ஒவ்வொருவரின் மனத்துக்கும் ஏற்றதோர் உலகைச் செயற்கை நுண்ணறிவு கட்டியெழுப்பும். அதில் கல்லும் முள்ளும் கிடக்கின்றனவா என்று அவள் நடந்து பார்ப்பாள். ஆடுபவரின் மணிக்கட்டிலுள்ள பட்டை நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டேயிருக்கும். எதைக் கண்டோ கேட்டோ துடிப்பு மூன்று முறை எகிறுகிறதோ, அது வெளியிலிருந்து வரும் ஓசையானாலும் இயந்திரம் யாரையும் கேளாமல் நீக்கிவிடும்.

“வெறுமனே நீக்கினா அந்த இடம் பொக்கை வாய் மாதிரி தெரியும். அதே நேரத்துல, இதமா வேற எதையாவது வைக்கச் சொல்லணும்” என்று கூட்டமொன்றில் எடுத்துரைத்தவள் அவளே. அனைவரும் கைதட்டினர். அந்த மகிழ்ச்சியோடு மகிழ்ச்சியாக, சோதனைத் தலைக்கருவி ஒன்றை வீட்டுக்கு எடுத்துச்செல்ல அனுமதியும் பெற்றாள்.

வீட்டில் கணவன் இருந்தான். கிரேன் ஓட்டுபவன். ஏழு மாதங்களுக்கு முன் வடம் அறுந்து, அவன் தூக்கிய இரும்புச் சட்டம் கீழே நின்ற கூட்டாளியின்மீது விழுந்து அவனைக் கொன்றது. விசாரணை செய்தவர்கள் அவன்மேல் குற்றமில்லை என்று எழுதிக்கொடுத்தனர். அந்தத் தாளை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அண்டக் கொடுத்தான். அன்றுமுதல் அவன் படியிறங்கவில்லை. அவனிடம் ஒரு சொல்லை வாங்குவது கல்லில் நார் உரிப்பதாயிற்று.

கருவியையும் பட்டையையும் அவள் அவனுக்கு அணிவித்தாள். இயந்திரம் அவனுக்கு ஓர் உயர்ந்த கிரேனையும், கீழே ஆளே இல்லாத ஓர் ஊரையும் கட்டித் தந்தது. அங்கே எந்தப் பாரமும் விழுவதில்லை. விழுந்தாலும் அடியில் நிற்பதற்கு ஒருவருமில்லை. மாலை ஐந்து மணிக்கு அவள் வேலையிலிருந்து திரும்பி, மேசையில் இரண்டு தட்டுகளை வைத்து, அறைவாசலில் நின்று “என்னங்க” என்று அழைப்பாள். அவன் கருவியைக் கழற்றிவிட்டு வந்து அமர்வான்.

மூன்றாம் நாள் அவனே வாய் திறந்தான். “மேலேருந்து பாத்தா ஊரே தீப்பெட்டி அடுக்கின மாதிரி இருக்கும்மா.”

“தீப்பெட்டியா? பாத்துங்க, நீங்க சிகரெட்டும் கையுமா இருக்கிற ஆளு.”

“அங்க பிடிக்க விடமாட்டேங்குது. மிஷின் அப்படியே உன்னை மாதிரி.”

ஏழு மாதங்களுக்குப் பின் அவன் சொன்ன முதல் வேடிக்கை அது. அவள் சமையலறைக்குச் சென்று, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கணவன் தன்னிடம் திரும்பிக்கொண்டிருக்கிறான் என்று நம்பினாள்.

ஒன்பதாம் நாள் அழைத்தபோது அவன் வரவில்லை. பத்தாம் நாளும் அவ்வாறே. தலைக்கருவியோடு நாற்காலியில் சாய்ந்து, முகம் மலர, உள்ளங்கையை மேல்நோக்கி நீட்டியிருந்தான். தன்னைத்தான் அழைக்கிறான் என்றெண்ணி அவள் தன் கையை அதில் வைத்தாள். அவன் திடுக்கிட்டு, நெருப்பைத் தொட்டவன்போல் கையை இழுத்துக்கொண்டான்.

மறுநாள் அலுவலகத்தில், நெட்டை என்று எல்லோரும் அழைக்கும் உடன்பணியாளன், அந்த உலகின் பதிவைத் திரையில் ஓட்டினான்.

“நேத்து சாயங்காலம் அஞ்சு மணி, அக்கா. தூறல் போடுது பாருங்க. எவ்வளவு அழகு! நம்ம ஊர் வானிலை அறிக்கையைவிட இது நேரத்துக்கு வருது.”

திரையில் அவள் கணவன் கிரேன் அறையின் சன்னல் வழியே கையை நீட்டி, துளிகளை ஏந்திக்கொண்டிருந்தான்.

“எதை எடுத்துட்டு மழையை வெச்சிருக்கு?”

நெட்டை தேடினான். சிரிப்பு அவன் உதட்டிலேயே உறைந்தது. “ஒரு குரல்க்கா. ‘என்னங்க’ன்னு... உங்க குரல்தான். மூணு தடவை எகிறியிருக்கு. இப்ப அந்தக் குரல் வர்றப்பல்லாம் அங்க தூறல் போடுது.”

“ஆசையில எகிறியிருக்கக் கூடாதா?”

“பட்டைக்கு அதெல்லாம் எப்படிக்கா தெரியும்? ஆசைக்கும் பயத்துக்கும் என்ன வித்தியாசம்னு நாம அதுக்குச் சொல்லிக் கொடுக்கலையே.”

“என் குரலைத் திருப்பி வெச்சிடு.”

“ஆடுறவர் சம்மதிக்கணும். அதுவும் நாம போட்ட விதிதான்.”

தன் கையே தன் கண்ணைக் குத்தியதை உணர்ந்தவளாய் அவள் நேரத்தோடு வீடு திரும்பினாள். அவன் தோளைத் தொட்டு, கருவியைத் தானே கழற்றி, நடந்ததைக் கூறினாள். அவன் மேசைக்காலடித் தாளைப் பார்த்தான்.

“உன் குரல் கேட்டா அடுத்து இந்த ரூம்தான்னு தெரியும். இந்த ரூம்னா கீழே நின்னவன் ஞாபகம்” என்றான். “அதான் படபடக்குது.”

“அப்ப ஆசையில இல்லையா?”

“தெரியலைம்மா. பொய் சொல்லத் தெம்பு இல்லை.”

“சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் குரல் திரும்ப வந்துடும்.”

அவன் தலையசைத்து மறுத்தான். “அந்த மழையை மட்டும் நிறுத்திடாதே. அங்க என்னைத் தேடி வர்றது அது ஒண்ணுதான்.”

கருவியை அவள் பிடுங்கிவிடலாம். பிடுங்கினால் எஞ்சப்போவது நாற்காலியும் மடித்த தாளும் வாய் திறவாத மனிதனும்தான். அந்த ஏழு மாதங்களை அவள் ஏற்கெனவே வாழ்ந்து பார்த்திருந்தாள். அவனே கருவியை மீண்டும் அணிந்துகொண்டான்.

கடிகாரம் ஐந்தைத் தொட்டது. மேசைமேல் இருந்த இரண்டு தட்டுகளில் ஒன்றைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். பின்பு அறைவாசலில் நின்றாள்.

“என்னங்க.”

நாற்காலியில் அவனது உள்ளங்கை மெல்ல விரிந்தது. அவள் அதனருகே செல்லவில்லை. இன்னும் சற்று நேரம் பெய்யட்டும் என்று, நின்ற இடத்திலிருந்தே மறுபடியும் அழைத்தாள்.