கதவின் ஜெர்சி

பத்தாம் எண் ஜெர்சிக்குள் அப்பாவின் வலது கையைத் தம்பி நுழைத்துக்கொண்டிருந்தபோது, அக்கா வந்து அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்தாள்.

"இது வேணாம்."

"என்னக்கா நீ? மன்றத்துலேருந்து கொண்டுவந்திருக்காரு."

வாசலில் நின்ற ரசிகர் மன்றச் செயலாளர் தொண்டையைச் செருமினார். "புதுசும்மா. நம்ம டீம்ல அத்தனை கோல் போட்டவனோட நம்பர். அப்பாவக் கடைசியா வழியனுப்பும்போது இந்த மரியாதைகூடச் செய்யலன்னா எப்படி?"

நல்ல மனிதர்தான். ஆனால் அப்பாவைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. மைதானமே கோல் போட்டவன் பெயரைச் சொல்லி அலறும்போது, அந்தப் பந்தை முதலில் பறித்துக் கொடுத்தவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறவர் அப்பா. பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்பார். பேருந்து ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாலும் அதே ஆட்களின் கதைதான். கிடைத்த பந்தை அடுத்தவனிடம் ஒழுங்காகச் சேர்த்த 'தபால்'. வருஷக்கணக்காக மாற்று கோல்கீப்பராகவே இருந்த 'குடை': "தினம் எடுத்துட்டுப் போவாங்க, விரிக்கத்தான் மாட்டாங்க." எல்லோருக்கும் மேலே 'கதவு'. இடப்பக்கம் நின்று தடுக்கிற லெஃப்ட் பேக், மூன்றாம் எண். ஒரு கோல்கூடப் போட்டதில்லை. செய்தித்தாளில் அவன் படம் வந்ததே மூக்கு உடைந்தபோதுதான்.

மூன்றாம் எண்ணை எந்தக் கடையும் விற்கவில்லை. அப்பா எண்ணில்லாத ஜெர்சி ஒன்றை வாங்கிவந்து, "நீயே நம்பரத் தச்சுக் குடும்மா" என்று அக்காவிடம் நீட்டினார். அவள் தையல் பழக ஆரம்பித்த புதிது, மூன்று சாய்ந்துவிட்டது. பிரித்துத் தைக்க அவர் விடவில்லை. "கதவும் ஓடும்போது இப்படித்தான் சாய்வான்."

அலமாரியிலிருந்து அந்த ஜெர்சியை எடுத்து உதறினாள்.

"நம்பர் முதுகுலதானே இருக்கு?" என்றான் தம்பி. "படுத்திருக்கறவர் முதுக யாருக்கா பாக்கப்போறா?"

அவளுக்குச் சுருக்கென்றது. யாரும் திரும்பிப் பார்க்காத ஒருவனுக்காகக் காலமெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவர். இன்று தெருவே வந்து பார்க்கப்போகிறது. இன்றைக்கும் அவன் அடியில் நசுங்கிக் கிடக்க வேண்டுமா?

"முதுகுப் பக்கம் முன்னால வர்ற மாதிரி மாத்திப் போடு."

"பாக்கறவங்க சிரிப்பாங்கக்கா."

"சிரிக்கட்டும். மைதானத்துல அப்பா பக்கத்துலயே உக்காந்து பழகினவ நான்."

இருவருமாகப் போட்டுவிட்டார்கள். சாய்ந்த மூன்று அப்பாவின் நெஞ்சுமேல் நின்றது. செயலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து குனிந்து பார்த்தார்.

"மூணா? யாரும்மா அது?"

"உக்காருங்க, சொல்றேன்."

சொல்லுமுன் அவள் கண் அப்பாவின் கழுத்துக்குப் போனது. பிடரியில் இருக்க வேண்டிய கழுத்துப்பட்டி தொண்டையை இறுக்கிக்கொண்டிருந்தது. சீருடையிலேயே மேல் பொத்தானைப் போடாதவர் அவர். அவள் தன் கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். தோலில் பட்டுவிடாமல் ஒரு விரலை உள்ளே கொடுத்து, துணியைக் கொஞ்சம் வெட்டிவிட்டாள்.