காலித் தட்டின் எடை

1

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பழத்தை உலர்த்த வைக்கும் முன் காலித் தட்டை எடை போட மறந்துவிட்டேன்.

இந்தக் கதை அந்தத் தவறில் பிறந்தது. மாலை வகுப்பில், நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிக் கதை எழுதச் சொன்னார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது பழங்களை அளப்பது. கடைக்கு வராத, பலர் பார்த்தேயிராத பழங்களும் கொட்டைகளும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும். நீளம், தோலின் தடிப்பு, சதை எவ்வளவு, விதை எவ்வளவு, ஈரம், சர்க்கரை, புளிப்பு, துவர்ப்பு எல்லாம் அளந்து, அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அவர் வந்த அன்று மழை பெய்து"

பெய்யவில்லை. பதிவேட்டைப் பார்த்துவிட்டேன்.

2

அவர் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர். ஐந்து வாரங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தார். கோலிக்குண்டு அளவில், கறுப்பாக, இருபது பழங்கள்.

"இதுல என்ன இருக்குன்னு சொல்லணும் மேடம்."

"பேரு?"

"என் பேரா, பழத்து பேரா?"

"பழத்துது."

"ஆளுக்கு ஒரு பேர் சொல்றாங்க. எல்லாமே திட்டுற மாதிரி இருக்கு. நீங்களே ஒண்ணு வைங்க."

வரிசைப்படி நாற்பத்தொன்று என்று எழுதினேன்.

"நாப்பத்தொண்ணா? பரவால்ல, விவரம் தெரிஞ்ச வயசுதான்."

(இங்கே நான் சிரித்ததாக எழுதியிருந்தேன். சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான் சிரித்தேன்.)

அதன்பின் வியாழன்தோறும் பழம் வந்தது. புளிப்பை அளக்கச் சாற்றில் அமிலத்தை முறிக்கும் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும் நொடியில் நிறுத்த வேண்டும். நாற்பத்தொன்றின் சாறோ முதலிலேயே கருஞ்சிவப்பு. ஊதாவாகி, நீலமாகி, பச்சையாகிறது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மூன்று தடவை தாண்டிப் போய்விட்டேன்.*

* பிறகு கருவியை வைத்து அளந்தேன். பழத்தைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.

3

அவர் ஆய்வுக்கூட வாசலில் ஒரு பழத்தை நீட்டினார். நான் வாங்கிக் கடித்தேன். நாக்கு

இது பொய். வகுப்பில் இதைப் படித்தால் நன்றாயிருக்கும் என்று சேர்த்தேன். நடந்தது வேறு.

"நீங்க ஒண்ணாவது தின்னு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"மாதிரிய திங்கக் கூடாது."

"அப்புறம் துவர்ப்புன்னு எப்படித் தெரியும்?"

"அதுக்கு ஒரு எண் இருக்கு."

"எண்ணு நாக்கப் புடிச்சு இழுக்குமா மேடம்?"

தோலின் தடிப்பை இன்னொரு தடவை அளந்தேன். 0.4 மில்லிமீட்டர். அதே எண்தான் வந்தது.

போன வியாழன் அவர் கொண்டுவந்தது கடைசிக் கைப்பிடி. "பருவம் முடிஞ்சுது. இனி அடுத்த வருஷம்தான்." ஜாம் கம்பெனி ஒன்று அறிக்கை கேட்கிறதாம். பிடித்துப்போனால் தொலைவில் நிலம் தருவார்களாம். ஒரு நாள் முழுக்க ரயிலில் போக வேண்டும்.

"அங்கயே இருக்கணுமா?"

"மரம் காய்க்கிற வரைக்கும். ஏழு வருஷம். பத்து வருஷமா இதுக்குத்தான் அலையுறேன் மேடம்."

அறிக்கையில் மற்ற எல்லாம் எழுதியாகிவிட்டது. ஈரம் மட்டும்தான் பாக்கி. நாளை மாலை ஐந்து மணிக்கு வாங்கிக்கொள்ள வருவார்.

4

ஈரத்தை அளக்க மூன்று தட்டுகளில் பழத்தை உலர்த்துவது முறை. பழம் ஒரு தட்டுக்குத்தான் இருந்தது. தட்டும் பழமும் சேர்ந்து 31.482 கிராம். உலர்ந்தபின் 27.915. ஆக, போன நீர் 3.567 கிராம். எவ்வளவு போனது என்று தெரிகிறது. எவ்வளவு பழத்திலிருந்து போனது என்று தெரியவில்லை. அதற்குத்தான் காலித் தட்டின் எடை வேண்டும்.

எங்கள் மூத்த ஆய்வாளரை எல்லோரும் டெசிமல் அக்கா என்போம். மூன்றாவது தசம இடம் வரை எட்டிப் பார்க்கிறவர். இதையும் பார்த்துவிட்டார்.

"ஏண்டி, மூணு வருஷத்துல ஒரு நாள் மறந்திருக்கியா? இன்னிக்குக் கண்ணு எங்க போச்சு?"

"தெரியலக்கா."

"எனக்குத் தெரியுது. தட்டச் சுரண்டிக் கழுவிக் காய வச்சு எடை போடு. ஒரு மணி நேர வேலை. தட்டு எங்கயும் ஓடிப்போயிடாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தட்டுதான் ஓடாதுன்னு சொன்னேன்."

உடனே கழுவியிருக்கலாம். கழுவவில்லை. ஈரம் புகாத கண்ணாடிக் குடுவைக்குள் தட்டை வைத்து மூடிவிட்டு, வகுப்புக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

5

மறந்துவிட்டேன் என்று முதல் பத்தியில் எழுதினேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று இரண்டு தடவை பேனாவைக் கொண்டுபோனேன். எழுதும்போது அது உண்மை என்றுதான் நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை.

முடிவு அ: "மாதிரி போதவில்லை" என்று எழுதித் தருகிறேன். அவர் அடுத்த பருவம் வரை இங்கேயே இருக்கிறார். டப்பாவோடு வருகிறார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு வியாழனும்

இதை எழுதியதே கூச்சமாக இருக்கிறது. வேண்டாம்.

முடிவு ஆ: அறிக்கையை வாங்கி மடித்துப் பைக்குள் வைக்கிறார். "வரேன் மேடம்" என்கிறார். போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

முடிவு இ: அறிக்கையைக் கொடுத்துவிட்டு, "ஏழு வருஷம் கழிச்சு மொதப் பழத்த" என்று ஆரம்பிக்கிறேன்.

அதற்குமேல் வாக்கியம் வரவில்லை. நான்கு விதமாக எழுதி, நான்கையும் அடித்துவிட்டேன். படிக்கிற நீங்கள் அதை முடித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஐந்து மணிக்கு முன் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாளை காலை முதல் வேலை: தட்டில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி ஒரு காகிதத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். தட்டைக் கழுவி, உலர்த்தி, ஆறவைத்து, காலி எடையைக் குறிக்க வேண்டும்.