புகையாத கரி

கார்த்திகை முடிவதற்குள் இன்னொரு புயல் வருகிறது என்று சொன்னார்கள். மலை ஊரான வாழவந்தியின் ரேஷன் கடை முன்னால் நர்ஸ் சரண்யா பெண்களைக் கூட்டி வைத்துப் பேசினாள். தண்ணீர் பிடித்து வையுங்கள், போனை சார்ஜ் போட்டு வையுங்கள், கூரைத் தகரத்தைக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள், சில்வர் ஓக் மரத்தடியில் ஆடு கட்டாதீர்கள்.

"இதெல்லாம் அத்தாயி அக்காவுக்குச் சொல்லாதீங்க மேடம்," என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. "புயலே வந்து அவுங்க ஊட்டுல ஒரு வாரம் தங்கிட்டுப் போலாம். அத்தனை ஏற்பாடு!"

எல்லாரும் சிரித்தார்கள். அத்தாயியும் சிரித்தாள். புருஷன் பொன்னுவேல் இறந்து ஒரு வருஷம் முடிந்த பிறகு அவளுக்குச் சிரிப்பு அவ்வப்போது வரத் தொடங்கியிருந்தது.

"இன்னொண்ணு," என்றாள் சரண்யா. "குளுருக்குக் கதவு சன்னலெல்லாம் அடைச்சுட்டு உள்ள கரி போட்டு வெக்காதீங்க. விறகுன்னா புகையும், கண்ணு எரியும், வெளிய ஓடி வந்துருவீங்க. கரியில அது தெரியாது. ஆனா நஞ்சு. தூங்குனாப்புலயே உசுரு போயிரும். மூஞ்சி சில பேருக்குச் செவசெவன்னு நல்லாத்தான் இருக்கும்."

அத்தாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்தவள் கொட்டாவி என்று நினைத்திருப்பாள்.

போன வருஷப் புயலில் மூன்று நாள் விடாத மழை. களத்தில் பாதி காய்ந்து கிடந்த காப்பிப் பழத்தை அள்ளி வந்து உள்ளறையில் பரப்பினார்கள். ஈரத்தில் பூசணம் பிடித்தால் ஒரு வருஷப் பாடும் போய்விடும். அனல் வேண்டும். பொன்னுவேலுக்கோ இளைப்பு, விறகுப் புகை ஆகாது. அதனால்தான் அவள் இரும்புச் சட்டியில் கரி போட்டாள். சன்னல் இடுக்கிலும் கதவடியிலும் சாக்கைத் திணித்தாள், ஊசிக் காற்று நுழையாதபடி.

"நீ போயி ஆட்டுக் கொட்டாயப் பாரு. காப்பியப் பெரட்டறது என் வேலை," என்றான். அதுதான் கடைசிப் பேச்சு.

கொட்டகைத் தகரம் பறந்திருந்தது. திரும்பி வர மத்தியானம் ஆகிவிட்டது. காப்பி புரட்டும் கோல் பக்கத்தில் கிடக்க அவன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். முகம் எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் முகம்போல் சிவந்திருந்தது. இத்தனை நாளைக்கு அப்புறம் இளைப்பில்லாமல் தூங்குகிறார் என்று சந்தோஷப்பட்டாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, சாக்கை மறுபடி சரியாக வைத்து, கதவைச் சாத்தினாள். சாயங்காலம் எழுப்பப் போனபோதுதான் தெரிந்தது.

ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. டாக்டர் யாரும் பார்க்கவில்லை. இளைப்புக்காரன், குளிர் தாங்கவில்லை என்றது ஊர். அவளும் அதையே சொன்னாள், நம்பினாள். ஊரில் அவள் வீட்டுக் காப்பி மட்டும்தான் பூசணம் பிடிக்காமல் தப்பியது.

கூட்டம் கலைந்தது. தூறலில் அத்தாயி வீட்டைப் பார்த்து நடந்தாள். யாருக்கும் தெரியாது. வாயைத் திறக்காவிட்டால் தன்னோடு போய்விடும். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் ஜீவானந்தத்துக்கும் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தால் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பாள்?

பாதி வழியில் கால் நின்றது. கீழ் வீட்டுக் கீர்த்திகா கூட்டத்துக்கு வரவில்லை. பிள்ளை பெற்று இருபது நாள். போன வாரம்தான் அவள் ஆள் விட்டு அத்தாயியிடம் அரை மூட்டை கரி வாங்கியிருந்தாள்.

அத்தாயி ஓடினாள்.

கீர்த்திகா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள்.

"யாருங்க? குளுரு உள்ள வந்துரும், அங்கிருந்தே சொல்லுங்க."

"அத்தாயி. தொற கண்ணு."

"அம்மாவும் அவுங்க ஊட்டுக் கூரை கட்டணும்னு மஞ்சக்குட்டைக்குப் போயிட்டாங்க, அவரும் மெழுகுவத்தி வாங்க ஒண்டிக்கடைக்குப் போயிட்டாரு. தனியா கெடக்கறேன் அத்தே," என்று சொல்லிக்கொண்டே கீர்த்திகா கதவைத் திறந்தாள். நெற்றியில் துணி கட்டியிருந்தாள். "காலையிலருந்து தலை நொம்ப வலிக்குது. புள்ளைதான் தங்கம், அழுகவே இல்ல. பால் கூடக் கேக்காம தூங்கறான்."

தூளிக்குப் பக்கத்தில் சட்டி நிறையக் கரி கனன்றது. சன்னலில் சாக்கு.

அத்தாயி பிள்ளையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு, கீர்த்திகாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். கூரை ஓரத்தில் சாரல் தெறித்தது. பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினாள். அசைவில்லை. மறுபடி சுண்டினாள். முகம் சுருங்கி, மெல்லிய குரலில் அழத் தொடங்கியது.

"பைத்தியமா அத்தே உங்களுக்கு? பச்சப்புள்ளைய மழையில கொண்டாறீங்களே!" கீர்த்திகா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். "நீங்க செஞ்சதப் பாத்துத்தானே நானும் செஞ்சேன்? போன வருசம் காப்பி தப்புனத ஊரே உங்க ஊட்டுக்கு வந்து பாத்துச்சே!"

"அதுலதான் உங்க மாமன் செத்தாரு."

"இளைப்புன்னு…"

"இளைப்பில்ல கண்ணு. கரி. நான் வெச்ச கரி, நான் அடைச்ச சன்னலு. இன்னிக்கு அந்த நர்ஸு சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது."

கீர்த்திகா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். அந்த ஒரு அடியை அத்தாயி பார்த்தாள்.

"சரண்யா மேடத்துக்கு போன் போடு. தலைவலியையும் சொல்லு, புள்ள தூங்குனதையும் சொல்லு. அவுங்க வர்ற வரைக்கும் உள்ள போவாத."

அத்தாயி உள்ளே போய்ச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி வந்து மழையில் கவிழ்த்தாள். சன்னல்களைத் திறந்துவிட்டாள். திரும்பி வந்தபோது கீர்த்திகா பேசி முடித்திருந்தாள். மேடம் ஜீப்பில் வருகிறாராம்.

"அத்தே," என்றாள், முகத்தைப் பார்க்காமல். "எங்க ஊடு மட்டும் இல்லீங்க. அங்கப்பண்ணன் ஊட்டுலயும் காப்பிய உள்ள போட்டு உங்களாட்டமேதான் அடைச்சு வெச்சிருக்காங்க. மேல ரெண்டு ஊட்டுலயும்."

ஜீப் வந்து தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொள்ளும்வரை அத்தாயி நின்றாள். பிறகு மேட்டில் ஏறினாள். காற்று பலமாகியிருந்தது.

அங்கப்பன் கதவைக் கொஞ்சமாகத் திறந்தான். "ஏனுங்க அக்கா, இந்த மழையில? உள்ள வாங்க, நனையறீங்க."

"கதவ முழுசாத் தொறந்து வையி. எல்லாரையும் வெளிய கூப்பிடு," என்றாள் அத்தாயி. "எங்க ஊட்டுக்காரரு எப்படிச் செத்தாருன்னு சொல்லணும்."