பெட்டியில் பூட்டிய அட்டை

முழங்கை வரை சட்டியில் அழுந்த, ஷியா கொட்டை அரைத்த விழுதைப் பிசைந்துகொண்டிருந்தாள் வும்பினி. கை நின்றால் வெண்ணெய் திரளாது. ஆனால் அவள் கண்ணெல்லாம் பாதையில்தான். நர்ஸ் லமிசியின் வண்டி மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். மழை பிடித்து ஓடை பெருகிவிட்டால் மூன்று மாதத்துக்கு அதுவும் கிடையாது.

நாலாவது பிரசவத்தில் அவள் பிழைத்ததே மறுபிறப்பு. இன்னொன்று உண்டானால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். கைத்தோலுக்கடியில் சின்னக் கருத்தடைக் குச்சி வைத்துவிட்டால் அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லை. மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவுமில்லை.

"கண்ணு அங்க, கை இங்கன்னா வெண்ணெயா வரும்?" என்றாள் எதிரே பிசைந்த சனாட்டு, அவள் புருஷனின் மூத்த மனைவி. "அட்டைய எடுத்துக்கிட்டியா?"

"நீங்க சொன்னபடி பெட்டியில பூட்டித்தான் வெச்சிருந்தேன்க்கா. ஒரு தடவகூட யாருக்கும் காட்டல."

பேசப் பேச போனில் காசு கரைவதுபோல், காட்டக் காட்ட அட்டையும் தீர்ந்துவிடும் என்பது சனாட்டுவின் கணக்கு. ஊரே அப்படித்தான் நம்பியது. அட்டை கொடுக்க வந்தவர்களும் பெயரை எழுதிக்கொண்டு போனார்களே தவிர, வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி வந்ததும் இருவரும் ஓடினார்கள். லமிசி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"போன வாரத்தோட முடிஞ்சுபோச்சேம்மா."

"எப்படி சிஸ்டர் முடியும்? தொட்டதே இல்லியே!"

"தொட்டாலும் தொடாட்டியும் ஒரு வருஷந்தான். அதுக்குள்ள எத்தன தடவ வேணா காட்டலாம்."

"காய்ச்சலுக்குமா?" என்றாள் சனாட்டு.

"காய்ச்சலுக்குந்தான்."

சனாட்டு அந்த அட்டையை வாங்கிப் பார்த்தாள். நாலு மாதம் முன்பு அவள் மகன் நப்பாரிக்கு மூன்று நாள் காய்ச்சல். பெரிய ஆபத்துக்கு ஆகட்டும் என்று அவன் அட்டையைப் பத்திரப்படுத்திவிட்டு வேப்பிலைத் தண்ணீர் கொடுத்தாள். நாலாம் நாள் பையன் இல்லை.

"இப்பவே புதுப்பிக்க முடியுமா?" என்றாள் சனாட்டு.

"போன்லயே முடியும். ஆனா இங்க டவர் இல்லியே. நான் மத்தியானம் கெளம்பணும்."

டவர் கிடைக்குமிடம் ஊரில் ஒன்றுதான், ஆளுயரக் கரையான் புற்று. சனாட்டு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தன் போனும் வும்பினியின் அட்டையுமாக ஏறினாள்.

"பாத்துக்கா, புத்து பாவம்!" கீழே பெண்கள் சிரித்தார்கள்.

"சிரிங்கடி. நாளைக்கு நீங்களும் ஏறத்தான் போறீங்க!"

புதுப்பித்தாயிற்று என்று போன் கிணுகிணுத்தது. கொஞ்ச நேரத்தில் வும்பினியின் இடது கையில் குச்சி ஏறி, கட்டு விழுந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அஞ்சு நாளு இந்தக் கை பிசையக் கூடாது," என்றாள் லமிசி.

"அவ சட்டியையும் நானே பிசையறேன்," என்றாள் சனாட்டு.

அதற்குள் சேதி பரவி, புற்றைச் சுற்றி வரிசை கட்டியது. முந்தானை முடிச்சுகளிலிருந்து அட்டைகள் வெளிவந்தன. எல்லாம் புதுக்கருக்கு மாறாதவை, பெரும்பாலும் தேதி முடிந்தவை. லமிசி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, சனாட்டு நீட்டியதில் இரண்டு இருப்பதைக் கண்டாள்.

"உங்களுது முடிஞ்சுபோச்சு. பையனுது பின்னால எழுதினது, நல்லாத்தான் இருக்கு," என்று அதைத் திருப்பிக் கொடுத்தாள். "இன்னும் ரெண்டு மாசம் செல்லும்."