நான்காவது எலுமிச்சம்பழம்

1

இந்தக் கதை ஒரு பொன்னாடையில் பிறந்தது. மறைத்துப் பயனில்லை.

அபுதாபியில் எங்கள் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் ‘சாதனைத் தமிழர்’ என்று ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது. அந்த இடத்துக்கு ஒப்புக்கொண்டிருந்த பல் மருத்துவர் போட்டிச் சங்கத்துக்குப் போய்விட்டார். (ஒரு சங்கம் இருந்தால் போட்டிச் சங்கமும் இருக்கத்தான் செய்யும். இல்லையென்றால் மாதக் கூட்டத்தில் பேச என்ன இருக்கிறது?) தலைவர் விஜயபாஸ்கர் எனக்கு போன் போட்டார்.

“முசஃபா ஒர்க்‌ஷாப் ஏரியாவுல ஒரு மெக்கானிக் இருக்காராம். ரேஸ் கார்ல என்னென்னமோ கண்டுபிடிக்கிறாராம். விஞ்ஞானின்னு போட்டுருவோம். நான் அவருக்குப் பொன்னாடை போத்துற மாதிரி ஒரு படம் வரும். அதுக்குக் கீழ நீங்க எழுதுறீங்க.”

“படம் எடுத்தாச்சா சார்?”

“பொன்னாடை வாங்கியாச்சு.”

ஆக, இது அப்போது எடுத்திராத ஒரு படத்துக்குக் கீழே போகவேண்டிய குறிப்பு. நீண்டு கதையாகிவிட்டதற்குக் காரணம் நான் இல்லை. கார்மேகம்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “முதுகுளத்தூர் மண்ணில் முளைத்துப் பாலை மணலில் பூத்த பகலவன்—” (பகலவன் முளைப்பதும் இல்லை, பூப்பதும் இல்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: “வறுமையின் கோரப் பிடியில் வளர்ந்த கார்மேகம்—”

இதை வாசித்துக் காட்டியபோது அவர் ஒரு டிப்பர் லாரிக்கு அடியில் படுத்திருந்தார். தலை மட்டும் வெளியே வந்தது. “யாருண்ணே வறுமை? எங்கப்பாருக்கு ரெண்டு லாரி ஓடுச்சு. நாந்தான் ரெண்டையும் பிரிச்சுப் போட்டு ஓடாமப் பண்ணுனேன்.”

மூன்றாவது: “அவர் ஒரு எளிய மனிதர்—”

இதற்கு லாரிக்கு அடியிலிருந்து சிரிப்பு மட்டும் வந்தது. நியாயமான சிரிப்பு. தங்கநிறக் கண்ணாடி, கழுத்தில் பட்டுக் கைக்குட்டை, டூல்ஸ் பெட்டியில் தமிழ், அரபி, ஆங்கிலம் மூன்றிலும் ‘சீஃப் கார்மேகம்’. இவரை எளியவர் என்று எழுதினால் மலரைப் படிப்பவர்கள் வேறு யாரோ என்று நினைப்பார்கள்.

சரி, தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன். கார்மேகம் விதியை மீறுபவர் அல்ல. விதி எந்த இடத்தில் முடிகிறதோ அதற்கு அடுத்த அடியில் கடை போட்டு உட்காருபவர்.

3

முசஃபாவிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, மணலை இறுக்கிப் போட்ட வட்டப் பாதையில், குளிர்காலத்தில் ஒரு பந்தயம் நடக்கிறது. ஸ்டாக் கார் பந்தயம். அதாவது கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்கிற கார்கள் ஓடவேண்டும். கூடுதலாக ஒன்றும் மாட்டக்கூடாது. கார்மேகத்தின் கார், துபாயில் டாக்ஸியாக ஓடித் தேய்ந்த ஒன்று. மேலே அடித்த வெள்ளைக்குள்ளிருந்து பழைய கூரையின் சிவப்பு எட்டிப் பார்க்கும். ஓட்டுபவர் கஃபீலின், அதாவது விசா கொடுத்த முதலாளியின், மகன் ஹமத். வாரம் முழுக்கக் கார்மேகத்துக்கு லாரிகளின் ஆயில் மாற்றுகிற டியூட்டி. பந்தய நாளில் கார்கள் நிற்கிற இடத்துக்குள் விடுகிற ‘பிட் பாஸ்’ அட்டை கழுத்தில் தொங்கும். குளிக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்று அவருடைய ரூம்காரர்கள் சொல்கிறார்கள்.

முதல் பந்தயத்தின்போது விதிப்புத்தகம் ஒரே ஒரு தாள். இப்போது அதற்கு முதுகில் தைத்து அட்டை போட்டிருக்கிறார்கள். பந்தய அலுவலகத்தில் அதை டைப் செய்பவர் யாழ்ப்பாணத்துக்காரர் தியாகராசா. அவர் என்னிடம் சொன்னார்: “உந்தப் புத்தகத்தில பாதி உவராலதான் வந்தது. ஒவ்வொரு வருசமும் உவர் ஒண்டு செய்வார், நான் ஒரு பக்கம் கூட்டி அடிப்பன். உவற்ற வாழ்க்கை வரலாறு வேணுமெண்டால் நீர் ஏன் கஷ்டப்படுறீர்? இதை வாசியும்.”

வாசித்தேன். ‘ஓட்டுநருக்கான குடிநீர் இரண்டு லிட்டருக்கு மிகக்கூடாது.’ தண்ணீருக்கு எதற்கு அளவு? ஏனென்றால் அதற்கு முந்தைய வருடம், ஓட்டுநர் குடிக்கத் தண்ணீர் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும்தான் இருந்தது. எவ்வளவு என்று இல்லை. கார்மேகம் ஒரு பெரிய பையில் ஐஸ் தண்ணீரை நிரப்பி, பெட்ரோல் குழாயை அதற்குள் சுற்றிச் சுற்றி விட்டுக் கொண்டுபோனார். குளிர்காலத்திலும் குறையாத அந்தப் பகல் வெயிலில் எல்லா எஞ்சினும் மூச்சுவாங்க, இவருடையது மட்டும் ஊட்டியில் ஓடுவதுபோல ஓடியது. விசாரணையில், “ஹமத் தம்பிக்குத் தாகம் சாஸ்தி” என்றார். ஹமத் குடித்தது ஒரு வாய்.

அடுத்தது: ‘வாகனத்துக்குள் மணல் இருக்கக்கூடாது.’

இதற்கு ஒரு தனிப் பத்தி வேண்டும். பந்தயத்துக்கு முன்னால் காரை எடை போடுவார்கள்; இத்தனை கிலோவுக்குக் குறையக்கூடாது. கார்மேகம் கதவுகளுக்குள் மணலைக் கொட்டி எடையைக் காட்டினார். கதவின் அடியில் சிறு ஓட்டை. ஓட ஓட மணல் சிந்தும், கார் இலேசாகும். வேறு எந்த நாட்டில் செய்தாலும் தடயம் இருக்கும். இங்கே பாலைவனத்தில் மணல் சிந்தியதை யார் கண்டுபிடிப்பது? அவரேதான் காட்டிக்கொடுத்தார். ஜெயித்த சந்தோஷத்தில் ரூமில் பெருமையடித்தார். ரூமிலிருந்து முசஃபாவுக்குப் பரவி, முசஃபாவிலிருந்து தலைமைப் பரிசோதகர் கிரகாம் காதுக்குப் போனது. கோப்பை பறிபோனது. விதி வந்தது. மறுவருடம் பந்தயத்துக்கு முன்னால் மணற்காற்று அடித்து, பந்தயத்துக்கு வந்த எல்லாக் காரும் அந்த விதியில் மாட்டிக்கொண்டன என்பது தனிக் கதை.

கிரகாம் சிரிக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு முறை ஏதாவது தில்லுமுல்லு அகப்பட்டால் கார்மேகத்தின் பாஸை வாழ்நாளுக்கும் பறித்துவிடுவேன் என்றார். எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

4

இங்கே ஒரு பெண் பாத்திரம் தேவை என்று எனக்குத் தோன்றியது. எழுதினேன்:

“ஊரிலிருந்து மனைவி நாகவள்ளி வீடியோ காலில் கண்ணீர் மல்க, ‘மாமா, ஊருக் கண்ணெல்லாம் உங்க மேலதான். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க மறந்துறாதீங்க’ என்று—”

கார்மேகம் இதை போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் எனக்குப் புது நம்பரிலிருந்து ஓர் அழைப்பு.

“நாகவள்ளி பேசுறேன். நான் எங்கங்க அழுதேன்?”

“இல்லம்மா, கதைக்காக...”

“கதைக்குன்னா நீங்க அழுவுங்க. நான் எலுமிச்சம்பழம் வைக்கவும் சொல்லல, ஒண்ணும் சொல்லல. அவுக லாரி ஓட்டுன காலத்துலேர்ந்து வைப்பாக. வைக்காம வண்டிய நகத்த மாட்டாக. அதுக்கு ஒரு பொண்டாட்டி சொல்லணுமாக்கும்?”

ஆகவே நாகவள்ளியை நீக்கிவிட்டேன். (முழுதாக நீங்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் குரலை நீக்க எனக்குத் தைரியம் இல்லை.)

5

போன வருடப் பந்தயம். தடைக்குப் பயந்து கார்மேகம் காரில் ஒன்றுமே செய்யவில்லை. சுத்தமாக ட்யூன் செய்து, துடைத்து, பரிசோதனையில் தேறி, வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்து, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் வைத்தார். யோசித்துச் செய்ததல்ல, செருப்பு மாட்டுவது மாதிரி.

கிரகாம் ஓடிவந்தார். ஒரு பழத்தை இடுக்கியால் எடுத்து பிளாஸ்டிக் பையில் போட்டார். டயரில் ரசாயனம் தடவக்கூடாது என்று விதி இருக்கிறது. எலுமிச்சையில் அமிலம் இருக்கிறது. அமிலம் பட்டால் ரப்பர் இளகும், பிடிமானம் கூடும். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

கூடாரத்துக்குள் விசாரணை. நடுவில் பந்தயத் தலைவர் அபு சயீத் என்கிற எமிராத்திப் பெரியவர். மொழிபெயர்க்க தியாகராசா. இனி வருவது அவர் சொல்ல நான் எழுதியது.

“இது என்ன பலன் தரும்?” என்று கேட்டார் கிரகாம்.

“ஒரு பலனும் இல்ல.”

“பிறகு எதற்கு வைத்தாய்?”

“வைக்காம எப்படி வண்டிய எடுக்கிறது?”

கிரகாம் இதைக் குறித்துக்கொண்டார். கார்மேகத்துக்கு வேர்த்தது. தண்ணீர்ப் பைக்கும் பதில் வைத்திருந்தவர், மணலுக்கும் பதில் வைத்திருந்தவர், தியாகராசாவிடம் குனிந்து, “ஃபிராடு பண்ணுனா பதில் ரெடியா வெச்சிருப்பேன் அண்ணாச்சி. இதுக்கு என்னத்தச் சொல்ல?” என்றார். கை கழுத்து அட்டையைப் பிடித்திருந்தது.

“நாவூறு எண்டு சொல்லட்டோ?”

“அப்படின்னா?”

“கண்ணூறு. கண்படுறது.”

“அதத்தான் சொல்லுங்க. திருஷ்டி.”

தியாகராசா சொன்னார். கிரகாம் நிமிர்ந்தார். “யாருடைய கண்?”

கார்மேகம் கிரகாமை மேலும் கீழும் பார்த்தார். “இவரு கண்ணுதான்.”

“அதை நான் மொழிபெயர்க்க மாட்டன்.”

ஆனால் அபு சயீத் முன்னால் சாய்ந்துவிட்டார். கட்டட சைட்டுகளில் வேலையாட்களோடு பேசி வளர்ந்த இந்தி அவருக்கு உண்டு. “நஜர்?”

“ஹாங் அர்பாப், நஜர்” என்று கார்மேகம் வேகமாகத் தலையாட்டினார்.

பெரியவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தன் அப்பா முதல் கார் வாங்கி வந்த அன்று, அம்மா சாம்பிராணித் தட்டோடு வந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் புகை காட்டிய பிறகுதான் யாரையும் ஏறவிட்டார் என்றார். கிரகாமைப் பார்த்துக் கேட்டார்: “உன் விதி காரைப் பற்றியது. பழம் காருக்கு வெளியே தரையில் இருந்தது. தரையைப் பற்றி விதி இருக்கிறதா?”

“இல்லை. ஆனால் அமிலம்...”

“கண் பட்டு வண்டி ஓட்டுகிற பையனுக்கு ஏதாவது ஆனால் நீ பொறுப்பா?”

கிரகாம் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். (பந்தயத்தன்று அவர் எப்போதும் ஒரே பச்சை சாக்ஸைத்தான் போடுவார்; துவைக்கக்கூட மாட்டார். தியாகராசா இதை எல்லாம் முடிந்தபிறகுதான் சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் விசாரணையே தேவைப்பட்டிருக்காது.)

“கலாஸ், முடிந்தது,” என்றார் அபு சயீத். “பழத்தைத் திருப்பிக் கொடு.”

6

விசாரணை இழுத்ததால் காரைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். கொடி விழுந்ததும் நான்கு பழமும் சப்பென்று நசுங்கின.

இந்தப் பந்தயத்தை எப்படி எழுத? “புழுதிப் புயலைக் கிழித்துக்கொண்டு—” வேண்டாம். நடந்தது இவ்வளவுதான்: முன்னால் போனவர்கள் கிளப்பிய புழுதியில் ஹமத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. கார்மேகம் அவரிடம் முன்பே சொல்லியிருந்தார், வளைவில் எல்லாரும் பிரேக் பிடிக்கிற இடத்தில் நீ பயணி கை காட்டிய டாக்ஸி மாதிரி உள்பக்கமாக ஒடித்து நுழை என்று. அந்தக் காருக்கும் அது பழைய பழக்கம். வளைவுக்கு வளைவு ஒரு காரையாவது விழுங்கியது. கடைசி வளைவில் முன்னால் ஒரே ஒரு கார், விலை உயர்ந்தது, நாலு மெக்கானிக் வைத்திருப்பது. அதற்கும் வேலிக்கும் நடுவே சிவப்புக் கூரை நுழைந்தது. பானட் அளவு முந்திக் கோட்டைத் தாண்டியது.

முசஃபாவிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த வெல்டர்களும் பெயின்டர்களும் கத்திய கத்தலில் ஒலிபெருக்கி கேட்கவில்லை. ஹமத் இறங்கி ஓடிவந்து கார்மேகத்தைத் தூக்கினார். தங்கநிறக் கண்ணாடி எங்கோ விழுந்தது; இன்றுவரை கிடைக்கவில்லை, இப்போது போட்டிருப்பது புதிது.

கிரகாம் எஞ்சினைக் கடைசி நட் வரை பிரித்தார். ஒன்றும் இல்லை. கம்பெனி விட்டது விட்டபடி இருந்தது. கோப்பையைக் கொடுக்கும்போது கார்மேகத்தின் கையை அவர் குலுக்கினார். தியாகராசா பார்த்திருக்கிறார், கொஞ்ச நேரம் விடாமலே குலுக்கினாராம்.

“சந்தோஷமா இருந்திருக்குமே?” என்று கேட்டேன்.

“இருந்துச்சு. ஆனா ஒரு மாதிரி கூச்சமாவும் இருந்துச்சுண்ணே. ஒண்ணுமே பண்ணாம ஜெயிச்சுட்டமேன்னு.”

7

முடிவு. தலைவர் ஒரு முடிவு அனுப்பியிருக்கிறார்: “சங்கத்தின் தொடர் ஊக்கத்தால்தான் இந்த வெற்றி என்று கார்மேகம் நாத் தழுதழுக்க, தலைவர் பொன்னாடை போர்த்தி—”

இதை மெய்யாக்கவே இந்த வருடப் பந்தயத்துக்கு அவர் கோட் சூட்டில் வந்தார், புகைப்படக்காரரோடும் என்னோடும். (வெள்ளிவிழா இருபத்தாறாம் ஆண்டுக்குத் தள்ளிப்போனதால் மலருக்கு இன்னும் நேரம் இருந்தது.) படம் கிடைத்தது. அதில் தலைவர் முழுதாக இருக்கிறார். கார்மேகத்தின் கால்கள் காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. பொன்னாடை கால்கள் மேல் கிடக்கிறது. வெளியே வந்தவர் அதை நாலாக மடித்து, கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் பயன்படுத்தினார். “நல்ல துணி சார், சுடவே இல்ல” என்றார். இதைவிட நல்ல பாராட்டு எங்கள் பொன்னாடை எதற்கும் கிடைத்ததில்லை.

நான் வைத்திருந்த முடிவு வேறு. விதிப்புத்தகத்தின் புதிய பக்கம்: ‘ஒவ்வொரு காருக்கும் நான்கு எலுமிச்சம்பழங்கள் வழங்கப்படும். வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது.’ டைப் செய்தது தியாகராசா. கிரகாமே பச்சை சாக்ஸோடு, எடை போட்ட பழங்களைக் கூடையில் வைத்துக்கொண்டு கார் காராகப் போய்க் கொடுத்தார். லெபனான்காரர் வாங்கினார், பிலிப்பினோ வாங்கினார், நாலு மெக்கானிக் வைத்திருந்தவர் இரண்டு கையாலும் வாங்கினார். வரிசை முழுக்க ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் மஞ்சளாக ஒரு புள்ளி. அங்கே முடித்துவிடலாம் என்றிருந்தேன். அழகான முடிவு.

கார்மேகம் கெடுத்துவிட்டார். வாங்கிய நான்கில் மூன்றைச் சக்கரத்துக்கு வைத்தார். ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கிரகாமின் முகம் மாறியது. “நான்கு என்பது விதி.”

“குடுக்கணும்னுதானே போட்டிருக்கு. நாலையும் வைக்கணும்னு எங்க போட்டிருக்கு?”

தியாகராசா இதை ஒரு சொல் விடாமல், ரசித்து மொழிபெயர்த்தார். கிரகாம் புத்தகத்தைப் புரட்டினார். போடவில்லை. அபு சயீத் தூரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிரகாம் சட்டைப்பையில் துருத்திய பழத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடியும் பையைப் பார்த்தார்.

“அது எதுக்கு?” என்று நானும் கேட்டேன்.

“எழுதுறவரு நீங்கதானண்ணே. எழுதிக்கிங்க.”

சர்பத்துக்காக இருக்கலாம். கிரகாமின் கண்ணுக்காக இருக்கலாம். ஒன்றுக்குமே இல்லாமல், அடுத்த வருடம் ஒரு பக்கம் கூடட்டும் என்பதற்காகவும் இருக்கலாம். என்னால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. தலைவரின் படத்துக்காக ஒதுக்கிய இடத்தைக் கீழே அப்படியே விட்டிருக்கிறேன். பேனா உங்களிடம் இருக்கும். கொடி மேலே போயிருக்கிறது, எஞ்சின்கள் உறுமுகின்றன, கார்மேகம் சட்டைப்பையில் கைவிட்டு அந்த நான்காவது பழத்தை எடுத்து—